வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை மாற்றினால் எரிவாயு பில் உண்மையிலேயே பாதியாகுமா?

வடக்கறை (ஸ்காபுரோ, ரொறன்ரோ, கனடா) கேட்கிறார்:

வணக்கம். 1950களில் கட்டப்பட்ட, மாடியில்லாத ஒரு செங்கல் வீட்டை (இங்கே பங்களோ என்பார்கள்) கோடையில் வாங்கினோம். இந்த வீட்டில் எங்களுக்கு இது முதல் பனிக்காலம். ஜனவரி மாத எரிவாயு பில் 290 டாலரைத் தாண்டிவிட்டது. அவ்வளவு கட்டியும் வீடு சூடாக இருந்தால் மனம் ஆறும். தெர்மோஸ்டாட் 22 பாகை என்று காட்டுகிறது. ஆனால் வடக்குப் பக்க அறையில் படுக்கும் மாமி, இரண்டு சோடி காலுறை போட்டும் கால் விறைக்கிறது என்கிறார். எதையும் வாய்திறந்து கேட்காத மனுஷி. அவரே சொல்கிறார் என்றால் எவ்வளவு குளிராக இருந்திருக்க வேண்டும்!

சென்ற வாரம் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "உங்கள் ஃபர்னஸ் பழையது, மாற்றினால் பில் பாதியாகும், அரசாங்கமும் பணம் தரும், இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்றார். கணவர் வேலைக்குப் போயிருந்ததால் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். எங்கள் ஃபர்னஸுக்கு ஒன்பது வயது. அதிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு சுவர் வழியாக வெளியே போகின்றன. நிலக்கீழ்த்தளத்தில் ஒரு மாணவி வாடகைக்கு இருக்கிறார், அவருக்கும் இதே ஃபர்னஸ்தான். என்ன செய்யலாம்?

கூரைக்குள் (ரொறன்ரோ):

தங்கச்சி, கையெழுத்துப் போடாமல் விட்டது மிக நல்லது. ஃபர்னஸ், ஏசி, சுடுநீர்த் தாங்கி போன்றவற்றை அழைக்காமலே வீட்டு வாசலுக்கு வந்து விற்பதை ஒன்ராறியோ மாகாணம் 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. அவர் திரும்பி வந்தால் கதவைத் திறக்கவே வேண்டாம். இப்படி வாசலுக்கு வந்து கருவியை வாடகைக்குக் கொடுப்பவர்களின் ஒப்பந்தங்களில் சிக்கி, வீட்டை விற்கப் போகும்போது பல ஆயிரம் டாலர் கட்டிய முதியவர்களை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இனி ஃபர்னஸ். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் என்றால் அது உயர்திறன் வகை. எரிக்கும் வாயுவில் 90 வீதத்துக்கு மேல் வெப்பமாக வீட்டுக்குள் தருகிறது. (புகை அவ்வளவு ஆறிப் போவதால்தான் பிளாஸ்டிக் குழாய் தாங்குகிறது.) 96 வீதம் தரும் புதியது வாங்கினாலும் 100 டாலரில் ஐந்தாறு டாலர்தான் மிஞ்சும். பாதியாவதற்கு வழியே இல்லை. வடிகட்டியை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். வெளியே அந்தக் குழாய்களின் வாயைப் பனி மூடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வீடுகளுக்கு இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொருள்) போடும் தொழிலில் இருப்பவன். உங்கள் வீட்டின் காலத்து பங்களோக்களில் பணம் போகும் வழி காற்றுத்தான். சூடான காற்று மேலே ஏறி, கூரை அறைக்குப் போகும் மூடியின் ஓரத்தாலும் விளக்குத் துளைகளாலும் வெளியேறும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே நிலக்கீழ்த்தளத்தின் இடுக்குகளால் குளிர்காற்று உள்ளே இழுபடும். குளிர் கூடக் கூட இந்த இழுவையும் கூடும். அதனால்தான் 22 பாகையிலும் மாமிக்குக் கால் விறைக்கிறது.

எங்கே ஒழுகுகிறது என்று அறிய வீட்டில் இருக்கும் ஊதுபத்தி போதும். காற்று வீசும் நாளில் யன்னல்களை எல்லாம் பூட்டி, ஃபர்னஸையும் சுடுநீர்த் தாங்கியையும் நிறுத்திவிட்டு, குளியலறை விசிறியையும் குசினி விசிறியையும் போடுங்கள். பத்தியைச் சுவரோரமாக மெதுவாகக் கொண்டு போங்கள். திரைச்சீலையிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். புகை நேராக ஏறினால் நல்லது. பக்கவாட்டில் படுத்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. வெளிச்சுவரில் உள்ள மின்செருகிகள், தரையும் சுவரும் சேரும் மரப்பட்டி, நிலக்கீழ்த்தளத்தில் கொங்கிரீட் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் இடம் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். விசிறிகளைச் சில நிமிடங்களில் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. பக்கக் கதவுக்கு அருகே சுவரில் சின்ன மரக்கதவு ஏதும் இருக்கிறதா? அந்தக் காலத்தில் பால்காரர் போத்தலை வைத்துவிட்டுப் போன பெட்டி அது. பலர் அதன்மேல் பெயின்ட் அடித்து மறந்துவிடுவார்கள். உள்ளே வெறும் தகடும் வெளிக்காற்றும்தான்.

நெடுந்தீவாள்:

அண்ணா சொன்னதோடு குசினியையும் சேர்த்துச் சொல்கிறேன், பிள்ளை. மீன் பொரிக்கும்போது விசிறி போடத்தான் வேண்டும். ஆனால் நம் வீடுகளில் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை அது வெளியே தள்ளுகிறது. மணம் போனதும் நிறுத்துங்கள்.

மாமியின் அறைக்கு மின்சார ஹீட்டர் வாங்கிவிடாதீர்கள். 1500 வாட் ஹீட்டர் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். அது வேறு பில்லில் வந்து நிற்கும். கட்டிலுக்குக் கீழே சூடான காற்று வரும் துளையை ஏதாவது மறைக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். படுக்கப் போகுமுன் கால்மாட்டில் ஒரு சுடுதண்ணீர்ப் பை வைத்துவிடுங்கள், பாவம்.

அந்த யன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டலாம். வன்பொருள் கடைகளில் கிடைக்கும். சட்டத்தில் நாடாவை ஒட்டி, உறையை விரித்து, முடி உலர்த்தியால் சூடு காட்டினால் சுருக்கமில்லாமல் இறுகிவிடும். கண்ணாடியில் நீர் வழிந்தால் அதைத் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மானி பார்ப்பவன்:

இரண்டு விஷயம். பில்லில் மானி வாசிப்பு "மதிப்பீடு" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மானியை நீங்களே பார்த்து எண்ணை நிறுவனத்துக்கு அனுப்பலாம். டாலரை விட்டுவிட்டு எத்தனை கன மீற்றர் எரிந்தது என்று மாதாமாதம் குறித்து வாருங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் செய்த வேலையின் பலன் கன மீற்றரில்தான் தெரியும்.

மற்றது, இரவில் தெர்மோஸ்டாட்டை 17க்கு இறக்கச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். வாடகைக்கு ஆள் இல்லாத வீட்டில் அது நல்ல யோசனைதான். உங்களுக்குப் பொருந்தாது. வாடகைக்கு ஆள் இருக்கும்போது குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையக்கூடாது என்பது ரொறன்ரோ நகரசபையின் விதி. அந்த மாணவியும் குளிரில் இருந்து படிக்க முடியாது அல்லவா?

வடக்கறை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஞாயிறு காற்று பலமாக வீசியது, பத்தி பிடித்துப் பார்த்தோம். பக்கக் கதவடியில் அண்ணா சொன்ன பால்பெட்டி இருக்கிறது! நாங்கள் அதை மின்சாரப் பெட்டி என்று நினைத்திருந்தோம். பத்தியை அருகே கொண்டுபோனதும் புகை படுத்து, நெருப்பு முனை சிவந்து எரிந்தது. நிலக்கீழ்த்தளத்தில் சலவை இயந்திரத்துக்குப் பின்னாலும் அப்படியே. மாமியின் கட்டிலுக்குக் கீழே ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ் துளையை முழுதாக மூடியிருந்தது. அதை எடுத்துவிட்டோம், அறையில் மாற்றம் தெரிகிறது. இனி எதை முதலில் செய்வது?

கூரைக்குள்:

பால்பெட்டியை முதலில் முடியுங்கள், ஒரு மாலை வேலை. வெளிக்கதவின் ஓரத்தைச் சிலிக்கோனால் அடைத்து, உள்ளே நுரைப்பலகையை அளவாக வெட்டி இறுக்கி வைத்து, சுற்றிலும் மறுபடி அடையுங்கள். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள மரச்சட்டத்துக்கும் அதே முறைதான். கூரை மூடியின் ஓரத்தில் கதவுக்கு ஒட்டும் நுரை நாடாவை ஒட்டுங்கள்.

பெரிய வேலை கூரை அறையில் இருக்கிறது, அதை வசந்தத்தில் செய்யலாம். இன்றைய புதிய வீடுகளில் அங்கே ஆர்-60 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு) போடுகிறார்கள். தூவும் செலுலோஸ் (காகித இழை) என்றால் ஏறக்குறைய 16, 17 அங்குல உயரம். உங்கள் வீட்டில் நான்கைந்து அங்குலம் இருந்தாலே ஆச்சரியம். துளைகளை அடைத்த பிறகுதான் தூவ வேண்டும், அடைக்காமல் மேலே கொட்டுபவரை அமர்த்தாதீர்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒன்ராறியோ வீட்டுப் புதுப்பிப்புச் சேமிப்புத் திட்டத்தில் இன்சுலேஷனுக்கு ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். வேலையைத் தொடங்குமுன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது சிறு கூழாங்கல் போல, பொன்னிறமாகவோ சாம்பல் நிறமாகவோ மினுங்கும் பொருள் தெரிந்தால் கையால் தொடாமல் உடனே மூடிவிடுங்கள். அது வெர்மிகுலைட் என்ற பழைய கனிம இன்சுலேஷனாக இருக்கலாம், அதில் நுரையீரலுக்கு ஆபத்தான அஸ்பெஸ்டஸ் இழை கலந்திருக்கக்கூடும். அப்படியென்றால் பரிசோதனைக்குப் பிறகுதான் மற்ற எதுவும். பஞ்சு போன்றதாக இருந்தால் ஓர் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.