மறுமொழி: டிஎஸ்எல்ஆருக்குத் தமிழில் என்ன? ‘ஆடிக்கேமரா’ போதாதா?

வணக்கம்.

இழையைத் தொடங்கிவைத்துவிட்டு நாலு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். திறந்து பார்த்தால் மடல்கள் குவிந்து கிடக்கின்றன, அதில் பாதி ‘கேமரா எதுக்கு, நல்ல போனா வாங்கிக் கொடுங்க’ என்கிற ரகம். நடுவில் புகுந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகள் பிளஸ் டூ முடித்து விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்ந்திருக்கிறாள். அரசுப் பள்ளி, பன்னிரண்டு வருடமும் தமிழ்வழி. தாய்மாமன் என்பதால் கேமரா என் தலையில் விழுந்தது, சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். கேமராப் பெட்டிக்குள் நாலு பக்கத்தில் தமிழில் ஒரு கைக்குறிப்பு எழுதி வைத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. ‘இது ஒரு டிஎஸ்எல்ஆர்’ என்று எழுதிவிட்டேன். அப்படியென்றால் என்ன என்று அடுத்த வரி எழுத வரவில்லை. அதனால்தான் இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே வந்து கேட்டேன்.

> எண்ணிம ஒற்றை வில்லை எதிரொளிப்பு ஒளிப்படக் கருவி

ஐயா, இதில் பிழை என்று ஒன்றும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சரிதான். ஆனால் கல்யாண வீட்டில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுப் போட்டுவிடுவார். நீளம்கூடப் பெரிய குறை இல்லை. ‘டிஜிட்டல் சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரை உரித்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தமிழ்ச்சொல்லை ஒட்டியிருக்கிறோம், அந்த எழுத்துகள் இன்றைக்கு எதையாவது சொல்கின்றனவா என்று பார்க்கவில்லை.

‘எண்ணிம’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போய்க் கேமரா என்றால் எண்ணிமக் கேமராதான் எடுத்துக் காட்டுவார்கள். இன்றைக்கு ஃபிலிம் போட்டு எடுக்கிறவர்தான் ‘என்னுடையது ஃபிலிம் கேமரா’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முதல் எழுத்து போகலாம்.

அடுத்தது ‘ஒற்றை’. இதற்கு ஒரு கதை இருக்கிறது. அப்பா ஊரில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா, ஒன்றின் கீழ் ஒன்றாக முன்னால் இரண்டு கண். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் எடுப்பதற்கு. மேல் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும், அது பிம்பத்தை மேலே இருக்கிற தேய்த்த கண்ணாடிக்கு அனுப்பும். கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்பா குனிந்து பார்ப்பார், ஏதோ கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். நானும் ஒருமுறை பார்த்தேன். இடது பக்கம் வகிடு எடுத்த பையனுக்கு வலது பக்கம் வகிடு தெரிந்தது. பையன் ஓரமாகப் போகிறானே என்று கேமராவைத் திருப்பினால் இன்னும் ஓரமாகப் போனான். அதோடு கிட்டத்தில் வைத்து எடுத்தால் பார்த்தது வேறு, விழுந்தது வேறு. மேல் கண் பார்த்த உச்சந்தலையைக் கீழ்க் கண் பார்த்திருக்காது, தலையில் வைத்த பூ பாதியில் வெட்டுப்படும். ஒரு சுருளுக்கு 12 படம்தான் என்பதால் அப்பா அதற்கெல்லாம் ஒரு விரற்கடை இடம் விட்டே எடுப்பார்.

பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே லென்ஸ் என்று கேமரா வந்தபோது அந்த ‘ஒற்றை’க்கு அர்த்தம் இருந்தது, பெருமையும் இருந்தது. இன்றைக்கு அந்த இரட்டை லென்ஸ் கேமரா ஸ்டுடியோ அலமாரியில் அலங்காரத்துக்கு நிற்கிறது. என் மருமகள் வாழ்நாளில் ஒன்றைத் தொட்டிருக்க மாட்டாள். அவளிடம் ‘இதில் ஒரே ஒரு லென்ஸ்தான்’ என்று சொன்னால் ‘ஏன் மாமா, போனில் மூணு இருக்கே’ என்பாள்.

> ரிஃப்ளெக்ஸ் என்றால் அனிச்சை என்றுதானே அகராதி சொல்கிறது?

ஆமாம் தம்பி, முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதே, அந்த ரிஃப்ளெக்ஸுக்கு. ‘ஒற்றை லென்ஸ் அனிச்சைக் கேமரா’ என்றால் யாரும் தொடாமல் அதுவாகவே படம் எடுத்துத் தள்ளும் என்று நினைத்துவிடுவார்கள். இந்த ரிஃப்ளெக்ஸ் கண்ணாடியில் பட்டு ஒளி திரும்புவதைச் சொல்வது. அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டால் வரும் வினை இது.

> லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம். அதைப் பெயரில் கொண்டுவரலாமே, ‘கண்டபடி கேமரா’ மாதிரி

வாய்விட்டுச் சிரித்தேன். மருமகள் முதல் வருடம் கண்டபடிதான் எடுக்கப்போகிறாள், அந்த வகையில் பொருத்தம்தான். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலாவது, லென்ஸ் பார்ப்பதைத்தான் போன் திரையும் காட்டுகிறது, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவும் காட்டுகிறது. பிறகு இதற்கு மட்டும் எப்படி அந்தப் பெயர்? இரண்டாவது, கண்டபடியே வருவதும் இல்லை. நான் பார்த்த கேனான் 1500டியில் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் தெரிவது முழுப்படத்தில் 95 விழுக்காடு. மீதி ஓரமெல்லாம் எடுத்த பிறகுதான் தெரியும். ஓரத்தில் யாருடைய முழங்கையாவது வந்து நிற்கும்.

சரி, அப்படியானால் இந்தக் கேமராவில் மட்டும் இருப்பது என்ன? போன சனிக்கிழமை திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு கடையில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பையும் முக்காலியும் சேர்த்து என் தலையில் கட்டுவதிலேயே குறியாக இருந்த பையன், நான் கேட்டதும் லென்ஸைக் கழற்றிக் காட்டினான். உள்ளே நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கண்ணாடி. ‘விரல் வெச்சிராதீங்க சார்’ என்றான். பட்டனை அழுத்தினான். படக் என்று கண்ணாடி மேலே போய் ஒட்டிக்கொண்டது, பின்னால் ஷட்டர் திரை திறந்து மூடியது, கண்ணாடி திரும்பக் கீழே வந்தது. எல்லாம் சேர்த்து ஒரு இமைப்பு. கண் வைத்துப் பார்த்துக்கொண்டே அழுத்தினால் அந்த ஒரு இமைப்பில் எல்லாம் இருட்டு. அதாவது படம் விழுகிற கணத்தில் எடுக்கிறவர் எதையும் பார்ப்பதே இல்லை. முன்பெல்லாம் இன்னும் மோசம், பழைய மாடல்கள் பலவற்றில் ஒரு படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும், ஃபிலிமைச் சுற்றினால்தான் இறங்கும். 1954இல் ஜப்பானில் வந்த அசாஹிஃப்ளெக்ஸ் 2பியில் அது தானாகவே உடனே இறங்கியது. கல்யாண வீட்டில் கேட்கிற அந்தப் படக் படக் சத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையது.

ஆக, இந்தக் கேமராவின் உயிர் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே, ‘டிஎஸ்எல்ஆரா சார், மிரர்லெஸ்ஸா?’ பரிசு வாங்கப் போகிறவன் பதில் சொல்ல வேண்டிய ஒரே பெயர்க் கேள்வி இது. பெயரும் அங்கிருந்து வரட்டும் என்கிறேன். ஆடிக்கேமரா. கண்ணாடி இல்லாதது ஆடியிலி. கம்பியிலி (வயர்லெஸ்) மாதிரி.

ஏன் ‘கண்ணாடி’ வேண்டாம், ‘ஆடி’ வேண்டும்? கண்ணாடி என்பது நமக்கு மூக்கில் மாட்டுவது, ஜன்னலில் இருப்பது, டீ குடிக்கிற கிளாஸ் எல்லாம்தான். கண்ணாடிக் கேமரா என்றால் கீழே போட்டால் உடைந்துவிடும் என்று தோன்றும் (போட்டால் உடையத்தான் செய்யும், அது வேறு). பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் ஆடி என்றால் ஒரே பொருள், பிம்பம் காட்டும் கண்ணாடி. சமதள ஆடி, குழியாடி, குவியாடி என்று மருமகள் பரீட்சைக்குப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறாள். ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகள் நடுவில் உட்காரப்போகிறவளுக்குக் கையில் இருக்கிற சரக்கு இதுதான், அதை வைத்தே அவளுக்குப் புரியவைக்க முடிகிறது என்றால் நான் ஏன் புதிதாக ஒன்றைத் தேட வேண்டும்?

இதற்கு யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய மடல்தான் எனக்குப் பெரிய பலம், அப்படியே தருகிறேன்.

> தம்பி, நீங்கள் எதிரொளிப்பு எண்டு சொல்லுறதை நாங்கள் தெறிப்பு எண்டுதான் படிச்சனாங்கள். நீங்கள் லென்சு எண்டால் எங்களுக்கு வில்லை. ஆனால் ஆடி ரெண்டு பக்கமும் ஆடிதான், எங்கட புத்தகத்தில தளவாடி எண்டு இருக்கும்.

அக்கா, நன்றி. வில்லையா லென்சா, எதிரொளிப்பா தெறிப்பா என்று இந்தக் குழுமத்தில் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம்! அந்தச் சண்டையின் பக்கமே போகாமல் நழுவிவிடுகிற ஒரு சொல் கையில் இருக்கும்போது விடக்கூடாது.

> ஆடிக்கேமரா என்றால் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய கேமரா என்று நினைப்பார்களே

எதிர்பார்த்தேன். நினைக்கட்டும். ஆடி என்ற சொல் தனியாக நின்றால் மாதம்தான், மறுக்கவில்லை. கேமராவோடு சேர்ந்து, பக்கத்தில் ஆடியிலியும் நின்றால் குழப்பம் வராது. ‘அறிவிலி’ ஞாபகம் வருகிறது, ஆடியிலி வசவு மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். கம்பியிலியை யாரும் வசவாக எடுத்துக்கொண்டதில்லையே.

‘டிஎஸ்எல்ஆர் என்றே விட்டுவிடலாம், ஜனங்களுக்குப் பழகிவிட்டது’ என்ற வாதத்துக்குத்தான் எனக்கு முழுப் பதில் இல்லை. பேச்சில் அது இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பழகிய விதத்தைப் பாருங்கள். கழுத்தில் பெரிதாக எது தொங்கினாலும் நம் ஊரில் அது டிஎஸ்எல்ஆர். ஆடியிலியைத் தொங்கவிட்டிருப்பவரையும் ‘டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கார்’ என்கிறோம். பொருள் தெரியாத எழுத்துக்கூட்டம் என்பதால் எதன் மேலும் ஒட்டிக்கொள்கிறது.

என்ன வாங்கினேன் என்று கேட்டவர்களுக்கு: 1500டி. உடன் வரும் 18–55 மி.மீ. லென்ஸ், கூடவே தனியாக 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் என்பது ஒளி நுழையும் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது). சுழலும் திரை உள்ள 200டி 2 ஆசை காட்டியது, அந்த வித்தியாசத் தொகையை 50 மி.மீ.க்குத் திருப்பிவிட்டேன். உடன் வரும் லென்ஸ் 55 மி.மீ.க்குப் போனால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8இல் உள்ளே வரும் ஒளி அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு, விடுதி அறைக் குழல்விளக்கில் முகம் எடுக்க அதுதான் உதவும். நண்பர் ஒருவர் தன் பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸைச் சும்மாவே தருகிறேன் என்றார். அதற்காகப் பழைய கைமாற்று நிக்கான் டி3500 கேமரா ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியே விட்டேன், நல்லவேளை விசாரித்தேன். அந்தக் கேமராவுக்குள் குவியத்தைத் திருப்பும் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது, ஒவ்வொரு தடவையும் கையால்தான் திருக வேண்டும். கற்றுக்கொள்ள நல்லது என்பார்கள், பதினெட்டு வயதில் முதல் வாரமே அலுத்துவிடும்.

போன் கட்சிக்காரர்களுக்கும் ஆடியிலிக் கட்சிக்காரர்களுக்கும் ஒன்று. நான் ஆடியிலியையும் கையில் வாங்கிப் பார்த்தேன், அருமையாகத்தான் இருக்கிறது, கம்பெனிகளும் அந்தப் பக்கம்தான் போகின்றன. ஆனால் ஆடிக்கேமராவில் மருமகள் கண் வைக்கும்போது திரையோ மின்சாரமோ இல்லாமல் லென்ஸ் வழியே வந்த வெளிச்சத்தையே பார்க்கிறாள், அதனால் பேட்டரியும் நின்று நிதானமாகச் செலவாகும். சீனியர்களிடம் பழைய லென்ஸ்கள் இரவலுக்குக் கிடைக்கும். எனக்கு அது போதும்.

கைக்குறிப்பில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ஆடிக்கேமரா, ஆடியிலி, கண் வைக்கும் இடத்துக்கு நோக்கி. ஆடியிலிருந்து மேலே வரும் பிம்பம் அப்பாவின் யாஷிகாவில் மாதிரியே இடவலம் மாறித்தான் இருக்கும், அதை நேராக்க, கேமராவின் மேல்மண்டைக்குள் இருக்கும் கண்ணாடிக் கட்டிக்கு (பென்டாபிரிசம்) ஐம்பட்டகம், முப்பட்டகத்தின் அண்ணன். 1500டி மாதிரி விலை குறைந்தவற்றில் பட்டகம் இல்லாமல் ஆடிகளையே கூடு மாதிரி ஒட்டியிருப்பார்கள், எடையும் விலையும் குறையும், கொஞ்சம் மங்கலாகவும் தெரியும். அதற்கு ‘ஐயாடி’ என்று எழுதினேன். என் அக்கா படித்துவிட்டு ‘அய்யாடியோவ்’ என்று ராகம் போட்டாள், அடித்துவிட்டேன். ஐந்தாடி என்று மாற்றியிருக்கிறேன், பிடிக்கவில்லை.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் வழியான அப்பர்ச்சர்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. ‘துளை’ என்றால் எழுதிவிடலாம், ஆனால் எண் சிறிதானால் துளை பெரிதாகும் என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டும், ‘துளை 1.8’ என்று எழுதினால் சின்னத் துளை மாதிரி இருக்கிறது. ‘திறப்பு’ என்றார் ஒருவர், அதற்கும் இதே வம்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அச்சுக்கடைக்குக் கொடுக்கிறேன், அதற்குள் யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள், தனிமடல் வேண்டாம்.

அப்புறம், கேமரா வாங்கியது ஆடி மாதத்தில்தான். பையும் முக்காலியும் கடைசியில் தலையில் கட்டிவிட்டான்.