அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் "பெரிநியூரல் இன்வேஷன்" என்று இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

கயல்_மதுரை:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. கண் மஞ்சளாகி, ராத்திரி தூங்க முடியாத அளவுக்கு அரிப்பு வந்து, பார்த்தால் பித்தக்குழாயில் கட்டி. கல்லீரலின் இரண்டு பக்கக் குழாய்களும் ஒன்றுசேரும் இடத்தில் இருக்கிறது, கிளாட்ஸ்கின் ட்யூமர் என்றார்கள். போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. மார்ஜின் (வெட்டியெடுத்த ஓரம்) சுத்தம், நிணநீர் முடிச்சு எதிலும் புற்று இல்லை என்று சர்ஜன் சொன்னபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. நேற்று கைக்கு வந்த ரிப்போர்ட்டில் "பெரிநியூரல் இன்வேஷன்: பிரசன்ட்", அதாவது நரம்பில் புற்று ஊடுருவியிருக்கிறது என்று இருக்கிறது. ஆன்காலஜி அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான். நரம்பு வழியாகத் தண்டுவடம், மூளை என்று போய்விடுமா? கை கால் விழுந்துவிடுமா? சிடி, எம்ஆர்ஐ இரண்டும் எடுத்தோமே, எதிலும் ஏன் தெரியவில்லை? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செந்தில்84:
நரம்புக்குள் போய்விட்டால் நாலாவது ஸ்டேஜ் என்றுதானே அர்த்தம்? எங்கள் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

டாக்டர்_நிலா:
இல்லை செந்தில், தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள், படிக்கிறவர்கள் உடைந்துபோவார்கள். இந்த இடத்துக் கட்டிக்கு ஸ்டேஜ் போடுவது கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்த ரத்தக்குழாயைத் தொட்டிருக்கிறது, நிணநீர் முடிச்சு, தூரத்து உறுப்பு இவற்றை வைத்துத்தான். நரம்பு ஊடுருவல் அந்தக் கணக்கிலேயே வராது.

கயல், நான் பேத்தாலஜியில் இருக்கிறேன். இங்கே நரம்பு என்பது கை காலை அசைக்கிற நரம்பு இல்லை. வயிற்றின் மேல்பக்கம் இருக்கும் சீலியாக் நரம்பு முடிச்சிலிருந்தும் வேகஸ் நரம்பிலிருந்தும் நூலிழை மாதிரி கிளைகள் கிளம்பி, கல்லீரல் தமனியையும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையும், பித்தக்குழாயையும் வலைபோல் சுற்றிக்கொண்டு கல்லீரலுக்குப் போகும். அந்தக் கிளைகளைத்தான் சொல்கிறார்கள். ஸ்லைடில் பார்த்தால் நரம்பின் குறுக்குவெட்டு வெளிர் ரோஸ் நிறத்தில், உள்ளே அலையலையாக, வட்டமாக இருக்கும். அதன் ஓரத்தை ஒட்டியே சின்னச் சின்னச் சுரப்பிகளாகப் புற்றுச்செல்கள் அரைவட்டத்திலோ முழு வட்டத்திலோ சூழ்ந்திருக்கும், சில இடத்தில் உறையைத் தாண்டி உள்ளேயும் போயிருக்கும். சிடி, எம்ஆர்ஐக்கு இவ்வளவு சின்ன விஷயம் பிடிபடாது.

ஏன் நரம்பை நாடிப் போகிறது என்று கேட்டால், நரம்புக்குள் நிணநீர்க்குழாய் இருக்கிறது, அதன் வழியாகப் போகிறது என்று பல காலம் நினைத்தார்கள், ஆனால் நரம்பு உறையின் உள்ளே நிணநீர்க்குழாயே கிடையாது. இப்போது தெரிவது, நரம்பும் அதைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களும் நரம்பு வளர்ச்சிக் காரணி போன்ற புரதங்களைச் சுரக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் புற்றுச்செல்களின் மேல் இருக்கின்றன, அதனால் அந்தப் பக்கம் ஈர்க்கப்படுகின்றன. புற்றுச்செல்களும் பதிலுக்குச் சிலவற்றைச் சுரந்து நரம்பை வளர வைக்கின்றன. பித்தநாளப் புற்றில், அதுவும் கல்லீரல் வாசலில் வருவதில், இது பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் இருக்கும். இல்லை என்று எழுதும்போதுதான் நாங்கள் இன்னொரு முறை ஸ்லைடைத் தேடிப் பார்ப்போம்.

கயல்_மதுரை:
ரொம்ப நன்றி மேடம். அப்படியென்றால் இதற்கு முக்கியத்துவமே இல்லையா?

டாக்டர்_நிலா:
இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நரம்பு ஊடுருவல் இருப்பவர்களுக்கு அதே பகுதியில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். கண்ணுக்குத் தெரியும் கட்டியின் எல்லையைத் தாண்டி நரம்போடு செல்கள் போயிருக்கலாம் என்பதுதான் காரணம். 1965-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் 13 நோயாளிகளை வைத்து இந்தக் கட்டியை விவரித்தபோதே, தூரத்து உறுப்புக்குச் சீக்கிரம் போகாமல் இருந்த இடத்திலேயே குழாயை அடைத்துத் தொல்லை தருகிறது என்பதைக் கவனித்திருந்தார்.

சர்ஜன்_குமரி:
ஆபரேஷன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வலது கல்லீரல் தமனி பெரும்பாலானவர்களுக்குப் பித்தக்குழாய்க்கு நேர் பின்னால்தான் போகும். அதனால்தான் இந்த ஆபரேஷனில் குழாயை மட்டும் வெட்டி எடுத்தால் போதாது, தமனியையும் போர்ட்டல் சிரையையும் சுற்றியிருக்கும் கொழுப்பு, நிணநீர் முடிச்சு, நரம்பு வலை எல்லாவற்றையும் சேர்த்து உரித்தெடுத்து, ரத்தக்குழாய் மட்டும் நிற்கும்படி விடுவோம். கூடவே கல்லீரலின் ஒரு பகுதியும், பெரும்பாலும் அதன் பின்பக்கம் இருக்கும் காடேட் என்ற சின்ன மடலும் போகும். அப்பாவுக்கு இதெல்லாம் செய்து மார்ஜினும் சுத்தம் என்றால் அது பெரிய விஷயம் தங்கச்சி.

தாமிரபரணி:
என் கணவருக்கும் ரிப்போர்ட்டில் இதே வரி இருந்தது. அடுத்து கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை பற்றிக் கட்டாயம் பேச்சு வரும். இங்கிலாந்தில் 447 பேரை வைத்து நடந்த பில்கேப் ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு, இப்படி 8 சுற்று. மாத்திரை எடுத்தவர்களில் பாதிப் பேர் சுமார் 51 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், எடுக்காதவர்களில் பாதிப் பேர் சுமார் 36 மாதத்துக்கு மேல். முழுக் கணக்கில் அந்த வித்தியாசம் புள்ளியியல் ரீதியாக உறுதியாகவில்லை என்று எங்கள் டாக்டர் நேர்மையாகவே சொன்னார், ஆனாலும் பல நாடுகளில் இதைத்தான் கொடுக்கிறார்கள். உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும், முதல் நாளிலிருந்தே ஈரப்பசை கிரீம் தடவுங்கள்.

இன்னொன்று, பின்னால் எப்போதாவது மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் போகும் வலி வந்தால் கேஸ் என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். இந்த நோயில் நரம்பு வலிக்கென்றே தனி மருந்து உண்டு, சீலியாக் நரம்பு முடிச்சு வழியாக வலி போகாமல் தடுக்கும் சீலியாக் பிளாக் என்ற ஊசியும் உண்டு.

டாக்டர்_நிலா:
கயல், ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் "ரேடியல் மார்ஜின்" என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். குழாயின் இரு முனைகள் மட்டும் சுத்தம் என்றால் போதாது, சுற்றுப்புறமும் சுத்தமாக இருக்க வேண்டும், நரம்புகள் அங்கேதான் இருக்கின்றன.

கயல்_மதுரை:
இருக்கிறது மேடம். நெகட்டிவ், 2 மில்லிமீட்டர் தூரம் என்று போட்டிருக்கிறது.

டாக்டர்_நிலா:
நல்லது. அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், சில சமயம் முதல் பக்கம் மட்டும்தான் ஃபைலில் இருக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.