புதுப்பிப்பு: வைகைக் கரையோரமாக குருவித்துறைக்கு சைக்கிளில் போய் வந்தாச்சு

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான்குவழிச் சாலையைத் தொடாமல் மதுரையிலிருந்து குருவித்துறை போக முடியுமா என்று கேட்டிருந்தேன். வாடிப்பட்டி சுற்று வேண்டாம், மேலக்கால் சாலையிலேயே போங்க என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரியாக வந்தது. கோச்சடை, மேலக்கால், தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் என்று ஆற்றைக் கடக்காமலே போய்விடலாம். தென்கரைக்கு அப்புறம் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். அங்கே மிதிக்கவே மனசு வரவில்லை, இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தேன்.

எதிர்பாராதது பஞ்சர். ட்யூபை ஒட்டி மாட்டியும் பத்து நிமிஷத்தில் மறுபடி காற்று இறங்கியது. டயரின் உள்பக்கம் விரலால் தடவினால், குருணை அளவில் ஒடிந்த கருவேல முள் முனை! அதைப் பிடுங்கிய பிறகு வீடு வரை தொந்தரவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் கட்டாயம் தடவிப் பாருங்க.