அழித்த பதிவு மற்ற வழங்கிகளிலிருந்தும் அழியுமா?

மேலூர் ஆசிரியை:

வணக்கம். மேலூரைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளையும் கண்மாய்களையும் விடுமுறை நாள்களில் நடந்து பார்த்துப் படமெடுத்துவரும் சிறு குழு எங்களுடையது. கீழவளவு, மாங்குளம், அரிட்டாபட்டி என்று ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த படங்களையும் குறிப்புகளையும் ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்தில் வைத்திருந்தோம். சென்ற மாதம் அந்தப் பக்கம் காரணம் சொல்லப்படாமல் முடக்கப்பட்டது; மூன்று முறை முறையிட்டும் பதில் வரவில்லை. தனித்தனி வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைப்பின்னலில் சொந்தமாக ஒரு வழங்கி தொடங்கலாம் என்று குழுவின் இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் அங்கே இடும் பதிவுகள் பிற வழங்கிகளுக்கும் செல்லும் என்று கேள்விப்பட்டேன். எவையெல்லாம் செல்லும்? அரிட்டாபட்டிப் பாறைகளில் இராசாளி கூடு கட்டியிருக்கும் இடத்தை யாரேனும் தவறுதலாகப் பதிந்துவிட்டு உடனே அழித்தால், அது எல்லா இடத்திலும் அழிந்துவிடுமா? குழுவில் பள்ளி மாணவர்களும் இருப்பதால், இது தெளிவாகாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

பசுமலை நிர்வாகி:

வணக்கம் அம்மா. நண்பர்களுக்காகச் சிறு வழங்கி ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அழித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் எதையும் பதியாதீர்கள்.

வழங்கிகள் தமக்குள் செய்தி பரிமாற மாஸ்டடான் பின்பற்றும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் உள்பெட்டியும் ஒரு வெளிப்பெட்டியும் உண்டு. திண்டுக்கல்லில் வேறொரு வழங்கியில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உங்கள் முகவரியைத் தேடினால், அவருடைய வழங்கி உங்கள் வழங்கியிடம் முகவரியைக் கொண்டு கணக்கைக் கண்டறியும் வெப்ஃபிங்கர் முறையில் விசாரித்து, உங்கள் பெயர், முகப்புப் படம், உள்பெட்டியின் முகவரி, பொதுச் சாவி (மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் குறியீடு) ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளும். அவர் பின்தொடரக் கேட்டு உங்கள் கணக்கு அதை ஏற்றுக்கொண்டால், அன்றுமுதல் நீங்கள் இடும் ஒவ்வொரு பதிவையும் உங்கள் வழங்கியே கையொப்பமிட்டு அங்கே கொண்டுசேர்க்கும். பெற்ற வழங்கி, கையொப்பத்தைப் பொதுச் சாவியால் சரிபார்த்துவிட்டு, பதிவைத் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்ளும். படத்தையும் பெரும்பாலும் படியெடுத்து வைத்துக்கொள்ளும்.

கல்யாணப் பத்திரிகை கொடுத்த பிறகு முகூர்த்தம் மாறினால், வீடு வீடாகச் சொல்லி அனுப்பலாமே தவிர, கொடுத்த பத்திரிகைகளை எல்லாம் திரும்பப் பெற முடியாது. நீங்கள் பதிவை அழிக்கும்போதும் ‘இதை நீக்குங்கள்’ என்ற செய்திதான் மற்ற வழங்கிகளுக்குச் செல்கிறது. முறையாக இயங்கும் வழங்கிகள் அதற்கு இணங்கிவிடும். செயலிழந்து கிடக்கும் வழங்கியிலும், அந்தச் செய்தியைப் பொருட்படுத்தாத மென்பொருளிலும் படி அப்படியே தங்கிவிடலாம். ஆகவே கூட்டின் இடத்தைப் பற்றிய கவனம், பதிவதற்கு முன்பே, கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவைப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் உங்கள் வழங்கியைத் தாண்டிச் செல்வதில்லை. தனிச்செய்தி அப்படியன்று. பெயர் தனிச்செய்தி என்றாலும் அது முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடியபடி பூட்டுதல், செய்யப்படுவதில்லை. அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் வழங்கிகளையும் நடத்துபவர்கள் தரவுத்தளத்தைத் திறந்தால் படித்துவிடலாம். என் வழங்கியில் நான் அவ்வாறு பார்ப்பதில்லை, ஆனால் என்னால் பார்க்க முடியும் என்பதைச் சேர்பவர்கள் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உசிலம்பட்டி வாசகர்:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வழங்கியின் பெயர் உங்கள் முகவரியின் ஒரு பகுதி என்பதால், அதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஆப்கானிஸ்தானின் நாட்டுப் பின்னொட்டில் (.af) இயங்கிய ஒரு மாஸ்டடான் வழங்கி, அதன் பெயர் 2024 பிப்ரவரியில் முடக்கப்பட்டதால் அந்த முகவரியையே இழந்தது. வேறு வழங்கிக்கு முறைப்படி மாறினால் பின்தொடர்பவர்கள் உடன் வருவார்கள். பழைய பதிவுகள் வருவதில்லை. ஆறு ஆண்டு உழைப்பை ஒருமுறை இழந்த உங்களுக்கு இது முக்கியம். மற்றொரு சமூக ஊடகமான புளூஸ்கையின் ஏடி நெறிமுறையில் அடையாளம் வழங்கியோடு பிணைக்கப்படாததால் பதிவுகளையும் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். எனினும் அங்கே பதிவுகள் மாஸ்டடானைவிட வெளிப்படையானவை. யார் வேண்டுமானாலும் மொத்தமாகத் திரட்டிக்கொள்ளலாம்.

மேலூர் ஆசிரியை:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘பின்தொடர்பவர்களுக்கு மட்டும்’ என்று குறித்துப் பதிந்தால் மாணவர்களின் படங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்குமா?

பசுமலை நிர்வாகி:

முழுமையாகக் கிடைக்காது. அந்தப் பதிவும் பின்தொடர்பவர்கள் இருக்கும் வழங்கிகளுக்கெல்லாம் செல்லும். யாருக்குக் காட்டுவது என்பதை அந்தந்த வழங்கிதான் மதித்து நடக்க வேண்டும். குழுவின் பெயரில் ஒரே கணக்கு வைத்து, பெரியவர்கள் இருவர் மட்டும் பதியுங்கள். கல்வெட்டையும் கண்மாயையும் உலகம் பார்க்கட்டும். பிள்ளைகளின் முகமும் பள்ளியின் பெயரும் அதில் வேண்டாம். மூலப் படங்களின் காப்பு நகலை வழங்கிக்கு வெளியே ஒரு வன்தட்டிலும் வைத்திருங்கள். நிறுவும் நாளில் உதவி தேவைப்பட்டால் மேலூருக்கே வருகிறேன்.