புதுப்பிப்பு: அம்மாவின் மயக்கத்துக்குக் காரணம் தெரிந்தது

மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட அம்மா, வலி குறைந்ததும் தானாகவே நிறுத்திவிட்டார். அப்புறம் ஓயாத சோர்வு, வாந்தி, எழுந்தால் மயக்கம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) எல்லாரும் வெயில்தான் காரணம் என்றார்கள்.

வெயில் இல்லை. காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில், உடம்பைத் தாங்கும் ஹார்மோனான கார்ட்டிசோல் மிகக் குறைவு. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஏவல் ஹார்மோனை அனுப்பினால்தான் கார்ட்டிசோல் போதிய அளவு சுரக்கும். கார்ட்டிசோல் போலவே வேலை செய்யும் மாத்திரை வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் பிட்யூட்டரி ஓய்ந்துவிட்டது. ஏவ ஆளின்றி அட்ரினலும் சுருங்கிவிட்டது. திடீரென்று மாத்திரையும் நின்றால் உடம்பு என்ன செய்யும், பாவம்!

சரி, இப்போது மாத்திரையை மறுபடி தொடங்கி, மருத்துவர் சொல்படி மெல்ல மெல்லக் குறைக்கிறோம். சுரப்பி விழிக்க மாதங்கள் ஆகலாம். நேற்று அம்மா வாசல்வரை நடந்து, கோழிகளுக்குத் தீனி போட்டார்.