அப்டேட்: அந்த 10 கிலோ பெட்டி கணக்கு ஒருவழியா புரிஞ்சிடுச்சு

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, தரையில 10 கிலோ பெட்டி, ஸ்டாட்டிக் ஃபிரிக்‌ஷன் மியூ (நகராம நிக்கும்போது உராய்வு எவ்ளோ பலமா பிடிக்கும்னு சொல்ற எண்) 0.4, 25 நியூட்டன்ல கிடைமட்டமா இழுத்தும் நகரல, உராய்வு எவ்ளோன்னு கேள்வி, எனக்கு 39.2 வருது ஆனா விடை 25னு போட்டிருக்கு, புக்குதான் தப்புன்னு சண்டை வேற போட்டேன். தப்பு என்னோடதுதான் மக்களே 🙈

மியூ இன்ட்டு நார்மல் (நார்மல்னா தரை பெட்டிய மேல்நோக்கி தாங்குற விசை, இங்க 98 நியூட்டன்), அதாவது 0.4 x 98 = 39.2ங்கறது உராய்வோட உச்சம் மட்டும்தான். நாம எவ்ளோ இழுக்குறோமோ அவ்ளோதான் அது எதிர்த்து நிக்கும். 25க்கு பதிலா 39.2 வந்தா பெட்டி தானா பின்னாடி ஓடணுமே! இத யோசிச்சப்பதான் மண்டைல உறைச்சுது.

அடுத்த கணக்குதான் செம. அதே பெட்டிய 38 நியூட்டன்ல நேரா இழுத்தா நகராது, 39.2ஐ தாண்டலல்ல. ஆனா அதே 38ல கயிறு கட்டி 30 டிகிரி மேல்நோக்கி இழுத்தா, முன்னாடி இழுக்குற பங்கு 32.9ஆ குறைஞ்சிடுது, இருந்தாலும் கயிறு 19 நியூட்டன் மேல தூக்குறதால நார்மல் 98லேர்ந்து 79 ஆயிடுது, உச்சமும் 31.6க்கு இறங்கிடுது, ஸோ பெட்டி நகந்துடும்! நான் நார்மல்னாலே எம்ஜி (நிறை இன்ட்டு புவியீர்ப்பு முடுக்கம், அதாவது பெட்டியோட முழு எடை) தான்னு கண்ண மூடிட்டு போட்டு நகராதுன்னு எழுதி வச்சிருந்தேன், படம் வரைஞ்சு ஒவ்வொரு விசைக்கும் அம்பு போட்டப்புறம்தான் சரியாச்சு.

சாய்தளக் கணக்கு நாளைக்கு, இன்னைக்கு தாங்காது.