மறு: ட்ரிக்கர் – தூண்டியா, பொறியா, உசுப்பா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஹாலோவீன் வாசல் அலங்காரக் கையேட்டுக்காக, தானாக இயங்கும் ஒரு செயலைத் தொடங்கிவைக்கும் ட்ரிக்கர் என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் கையேட்டில் உள்ளதை அப்படியே செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நடந்த ஒன்று என் கருத்தையே மாற்றிவிட்டது. முதலில் அதைச் சொல்கிறேன்.

வாசலில் நாற்காலி போட்டு ஒரு எலும்புக்கூட்டை உட்காரவைத்தேன். காலடியில் குடைந்த பூசணி, அதற்குள் ஒரு பி.ஐ.ஆர். உணரி, அதாவது அசைவை அறியும் சென்சார். ஆள் வந்தால் கண்களில் சிவப்பு எல்.இ.டி. எரியும், சர்வோ என்ற சிறு மோட்டார் தலையைத் திருப்பும், ஒலிபெருக்கி அலறும். இத்தனையையும் வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுச் சிறுமி வந்தாள். கூடு அலறியது, அவளும் அலறினாள், அப்புறம் சிரித்தாள். இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று அங்கேயே நின்று கையை ஆட்டினாள், குதித்தாள். கூடு அசையவே இல்லை. உணரி செத்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, 'அசைவு உண்டு' என்று அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அலுத்துப்போய்ப் படியிறங்கினாள். உணரி 'அசைவு இல்லை' என்று மாறியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். உடனே அலறல்!

உணரிக்கு அவள் இருப்பது தெரியும். ஆனாலும் ட்ரிக்கர் நிகழவில்லை. ஏனென்றால் ட்ரிக்கர் என்பது 'உண்டு' என்ற நிலை இல்லை, 'இல்லை' என்பது 'உண்டு' என்று மாறுகிற அந்த ஒரு நொடி. நான் எழுதிய கையேட்டு வரைவில் இந்த வேறுபாடே இல்லை. 'உணரி தூண்டும்' என்று எழுதிவைத்திருந்தேன். அதைப் படிப்பவர் நிச்சயம் என்னைப் போலவே உணரியைக் கழற்றிப் பார்ப்பார்.

இனி நீங்கள் தந்த சொற்கள்.

> தூண்டி என்றே வைக்கலாம். உணரி, செயலி என்ற வரிசையில் பொருந்தும்.

வரிசையில் பொருந்துகிறது, அதுதான் சிக்கலும். இகரத்தில் முடியும் இந்தப் பெயர்கள் ஒரு பொருளைக் குறிக்கும். தூண்டி என்றதும் படிப்பவர் 'அதை எங்கே மாட்டுவது?' என்று தேடுவார். பூசணி விளக்குகள் எல்லாம் சூரியன் மறைந்ததும் எரியட்டும் என்று எழுதுகிறோமே, அதற்கு எந்தக் கருவியும் கிடையாது. வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அங்கே தூண்டி எது?

> தூண்டல் என்றால் நிகழ்வைக் குறிக்குமே?

குறிக்கும், ஐயா. ஆனால் இயற்பியலில் 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் அந்த இடத்தில் எப்போதோ உட்கார்ந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பையும் தூண்டல் அடுப்பு என்கிறோம். அடுப்பும் விளக்கும் ஒரே செயலியில் இருக்கிற வீட்டில் இரண்டு தூண்டல் வேண்டாம்.

> பொறி. பழந்தமிழ்ச் சொல் இருக்கப் புதிது எதற்கு?

இதை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு அழகான சொல்! ஆனால் நம் எலும்புக்கூட்டை மறுபடி பாருங்கள். ஐம்பொறி என்றால் புலன், அது உணரி. எலிப்பொறி என்றால் சிக்கவைப்பது, அது வாசலில் நாம் செய்திருக்கும் மொத்த ஏற்பாடு. தீப்பொறி என்றால் தொடங்கிவைக்கும் கணம், அது ட்ரிக்கர். பொறி என்றாலே இயந்திரம், அது தலை திருப்பும் மோட்டார். ஒரே சொல் நான்கு இடத்திலும் பொருந்தினால் எந்த இடத்திலும் துல்லியம் இருக்காது. ஆகவே பொறியை முழு உருவத்துக்கே கொடுப்போம் என்பது என் கருத்து. சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் மதில் பொறிகளின் பட்டியலில் 'கருவிரல் ஊகம்' வருகிறது. குரங்கு வடிவில் இருந்து, நெருங்கி வருபவரைக் கடிக்கும் பொறி என்று அதற்கு உரை. கிட்டே வந்தால் பாய்கிற பொம்மைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி ஏது? மோட்டாரால் அசையும் அனிமேட்ரானிக் பேய்களை வெருட்டுப்பொறி என்று எழுத விரும்புகிறேன்.

சரி, ட்ரிக்கருக்கு வருவோம். நான் முன்வைப்பது உசுப்பு.

தூங்குகிறவரை உசுப்புகிறோம், படுத்திருக்கும் நாயை உசுப்பிவிடாதே என்கிறோம். அசையாமல் கிடக்கும் ஒன்றை ஒரு தொடுதலில் எழச் செய்வது. தூக்கத்திலிருந்து விழிப்புக்கு மாறும் அந்தக் கணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏற்கெனவே விழித்திருப்பவரை உசுப்ப முடியாது! சிறுமி கையாட்டியும் கூடு அலறாததை இந்த ஒரு வரியிலேயே விளக்கிவிடலாம். தூண்டலை வைத்து அப்படி விளக்க முடியவில்லை.

கொச்சை என்று இருவர் தயங்கியிருக்கிறீர்கள். 'உசுப்பேற்றுவது' என்ற வழக்கு இருப்பதால் அந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் சொடுக்கு என்பதும் விரலைச் சொடுக்கும் வீட்டுப் பேச்சிலிருந்து வந்ததுதானே? இன்று கிளிக் என்பதற்கு அதை எழுதும்போது யாரும் நெளிவதில்லை. வினையாகவும் பெயராகவும் ஒரே வடிவத்தில் நிற்பதிலும் உசுப்பு அதைப் போலத்தான்.

சேர்த்து எழுதிப் பார்த்தேன். கதவு உசுப்பு, ஒலி உசுப்பு, அந்தி உசுப்பு எல்லாம் இயல்பாக வருகின்றன. பன்மையும் தடுக்கவில்லை. 2024 அக்டோபர் பதிப்பிலிருந்து ஹோம் அசிஸ்டென்ட் தன் கோப்புகளில் ட்ரிக்கர்ஸ் என்று பன்மையிலேயே எழுதுகிறது. உசுப்புகள், நிபந்தனைகள், செயல்கள் என்று மூன்று தலைப்பும் தமிழில் ஒழுங்காக நிற்கும். ஆள் வராமலே நிகழும் ஃபால்ஸ் ட்ரிக்கருக்கு வீண் உசுப்பு. இந்தச் சொல் கிடைத்ததும் கையேட்டில் அந்தப் பகுதியை எழுதுவதே எளிதாகிவிட்டது. பி.ஐ.ஆர். பார்ப்பது ஆளை இல்லை, அகச்சிவப்புக் கதிரில் ஏற்படும் மாற்றத்தை. அதனால் பூனையும் வீண் உசுப்புத் தரும், மேலே விழும் வெயிலும் தரும். குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவரிடம் சுணங்கும். ஆகவே பாதையைப் பார்த்தபடி வைக்காமல் பாதைக்குக் குறுக்காகப் பார்க்குமாறு வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை இயங்கியபின் மறுபடி இயங்காமல் காத்திருக்கும் நேரமான கூல்டவுன் என்பதற்கு ஒருவர் ஆறுநேரம் என்றிருந்தார். சூடு ஆறுவது என்ற பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஆறுநேரம் 20 நொடி' என்று எழுதினால் ஆறு தடவையா என்ற குழப்பம் வரும். உசுப்புக்கு இணையாக அடங்குநேரம் எப்படி? அலறி முடித்த கூடு மீண்டும் அடங்கி உட்கார ஆகும் நேரம். செயல்களின் கடைசியில் 20 நொடித் தாமதம் வைத்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு தடவை மட்டும் ஓடும் சிங்கிள் என்ற இயல்பான முறையில், அந்தத் தாமதம் முடியும்வரை வரும் உசுப்புகளை மென்பொருள் ஏற்காது. குழந்தைகள் கூட்டமாக வரும்போது இது இல்லாவிட்டால் அலறல் ஓயாது, அக்கம்பக்கத்தவருக்குத் தூக்கம் போகும். பேட்டரியில் ஓடும் ஜிக்பீ (ஒரு கம்பியில்லாத் தொடர்பு முறை) உணரிகள் சிலவற்றில் அடங்குநேரம் உள்ளேயே இருக்கிறது. ஒருமுறை சொன்னால் ஒரு நிமிடம்போல வாய் திறக்காது. அதை நம்மால் குறைக்க முடியாமலும் போகலாம், வாங்கும்முன் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கோப்பில் எழுதும் கட்டளைச் சொல்லைத் தமிழாக்க வேண்டாம். அதை மாற்றினால் மென்பொருளுக்குப் புரியாது. விளக்க உரையிலும் படங்களின் கீழும் மட்டும் உசுப்பு வரட்டும். முதல் இடத்தில் 'ட்ரிக்கர் என்ற உசுப்பு' என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-ஆம் தேதிக்கு முன் கையேடு வெளிவர வேண்டும். உசுப்பு, அடங்குநேரம், வெருட்டுப்பொறி மூன்றையும் வைத்து வரைவைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். பல கருவிகளையும் ஒரே சமயத்தில் குறித்த நிலைக்குக் கொண்டுவரும் சீன் என்பதற்குக் காட்சி என்ற சொல் போதுமா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுக்காரன்